ஐஸ் பெட்டியில் சுஷிச் சோறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தகாவோகா ஊர்ப் பொதுக்கூடத்துச் சமையலறையில் பதினெட்டு வருஷமாகச் சுஷி செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் திட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பொறுமை வேண்டும் என்று என் தங்கை உபதேசம் செய்வாள். அவள் கற்றுக்கொடுப்பது பூ அலங்காரம். பூவைத் தப்பாகச் செருகினால் யாருக்கும் வயிறு வலிக்காது.

ஆனால் இனோமாத்தா தொகுஜியைத் திட்டிய அளவுக்கு நான் யாரையும் திட்டியதில்லை.

ஜனவரி கடைசிப் புதன், மதியம். செத்சுபுன் நாளுக்கு இன்னும் ஆறே நாள். அன்றைக்கு வீட்டுக்கு வீடு வறுத்த சோயாவை வீசிப் பேயை விரட்டுவோம். அப்புறம் ஆளுக்கு ஒரு தடிச் சுஷிச் சுருள். அதை வெட்டக்கூடாது. அந்த வருஷத்து நல்ல திசையைப் பார்த்து நின்று, முழுசாகக் கையில் பிடித்து, கடைசி வாய் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடிக்க வேண்டும். நடுவில் பேசினால் வருஷத்து அதிர்ஷ்டம் போச்சு. அதனால் ஜனவரி கடைசியில் என் வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

வந்து நின்ற இனோமாத்தாவுக்கு அறுபது வயதிருக்கும். கோட்டு, கழுத்துப் பட்டை, அதற்கு மேலே விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது ஏப்ரன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘கம்பெனி வேலை’ என்று எழுதியிருந்தார். கையைப் பார்த்தேன். குளிரில் வெடித்துச் சிவந்து, விரல் ஒவ்வொன்றும் முள்ளங்கி கனம். எந்தக் கம்பெனியில் இப்படிக் கை வீங்க வேலை வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குப் பக்கத்தில் ரிஹோ. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்காரும் பெண், எதைப் பார்த்தாலும் சிரிப்பாள். ஒரு மேஜைக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, அதில் ஐஸ் மேல் மீன் துண்டுகள். மனுஷர் மூடியைத் திறந்தார், விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், முகத்தைச் சுளித்தார்.

“டீச்சர், இது நேத்து மத்தியானம் வெட்டினது.”

“காலையில வெட்டினதுன்னு கடைக்காரர் சொன்னாரே?”

“சொல்லுவாரு, சொல்லுவாரு. நானும்...” என்று ஆரம்பித்தவர் இருமினார். “நானும் கேள்விப்பட்டிருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முப்பது பேருக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு இவரைத் துப்புத் துலக்க நேரமில்லை. வினிகரை ஊற்றி, மரத்தட்டில் சோற்றைக் கிளறி, விசிறியால் விசிறி, நம் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேஜையாகப் பிரித்துக் கொடுத்தேன். “இந்தச் சூடு போகக்கூடாது, ஈரத்துணி போட்டு மூடி வைங்க” என்று கரடியாகக் கத்தினேன். பிறகு முட்டையும் வெள்ளரியும் நறுக்கக் காட்டிவிட்டுத் திரும்பினால், இனோமாத்தாவின் மேஜையில் சோற்றுக் கிண்ணத்தைக் காணோம்.

“உங்க சோறு எங்கே?”

அவர் பெருமையாகத் தெர்மாகோல் பெட்டியைத் தட்டினார். மூடியைத் திறந்தேன். ஐயோ! என் சோறு, நான் விசிறி விசிறிக் கை வலித்துச் செய்த சோறு, கழுத்துவரை ஐஸில் புதைந்து கிடந்தது. சுற்றிலும் ஐஸை அள்ளி அள்ளி அழகாக அடுக்கி வேறு வைத்திருந்தார்.

“கொஞ்சம் சூடா இருந்துச்சு டீச்சர். கெட்டுப் போயிடுமேன்னு...”

“அது சோறுய்யா! மீன் இல்லை! சோத்தை ஐஸ்ல வெச்சா கல்லாப் போயிடும்னு உங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையா?”

“வீட்டுல சோத்துப் பக்கம் என்னை விடமாட்டாங்க.”

“ஏன்னு இப்பத்தான் புரியுது!”

ரிஹோ மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சோற்றை வைத்தே சுருட்டினார். பிடிவாதம்! மூங்கில் பாயில் கடற்பாசித் தாளை விரித்து, சோறு என்ற பெயரில் அந்தச் சரளைக் கல்லைப் பரப்பி, ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களுக்காக ஏழு சாமானையும் அடுக்கி உருட்டினார். சுருள் மூன்று இடத்தில் வாயைப் பிளந்தது. வெள்ளரி ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது, முட்டை இன்னொரு பக்கம்.

வகுப்பு முடிவில் எல்லோரும் நல்ல திசையைப் பார்த்து நின்று, சத்தமில்லாமல் தின்ன ஆரம்பித்தோம். அந்தத் திசையில் எங்கள் கூடத்தில் இருப்பது குளிர்சாதனப் பெட்டிதான். முப்பது பேரும் கண்ணை மூடிக் குளிர்சாதனப் பெட்டியை வணங்கி நின்றோம். இனோமாத்தா ஒரு கையில் சுருளும், ஏந்திய மறு கையில் உதிரும் சோறுமாகப் பாவம் போராடிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து காஸ் மீட்டர் படிக்கிறவர் கதவைத் திறந்தார்.

“வாங்க வாங்க! இன்னிக்குப் புரி மீன் பிரமாதம்! எண்ணெய் ஊறிக் கிடக்கு, அள்ளிக்கிட்டுப் போங்க!”

இனோமாத்தாவின் குரலில் கூடமே அதிர்ந்தது. அவர் வாயிலிருந்த சோறு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் போய் ஒட்டியது. மீட்டர்காரர் பயந்து ஓரடி பின்னால் போனார். முப்பது பேரில் ஒருவருக்கும் அந்த வருஷத்து அதிர்ஷ்டம் மிஞ்சவில்லை, அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். குட்டு வெளிப்பட்ட மனுஷர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு அசடு வழிந்தார்.

எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, கேட்காமலே பாத்திரம் பூராவும் கழுவினார். தரையைத் தேய்த்தார். சாக்கடை மூடியைக்கூட எடுத்துத் தேய்த்தார்.

“எந்த ஊர் மீன்கடை?” என்று கேட்டேன்.

“ஹிமி. துறைமுகத்துக்குப் பின்னால.”

“அரை மணி நேரம் ரயில்ல வந்து, கம்பெனி ஆள் வேஷம் போட்டு என் சோத்தைக் கெடுக்க வந்தீங்களாக்கும்?”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “எங்க வீட்டுக்காரி கை உடைஞ்சு போச்சு டீச்சர். நான்தான் உடைச்சேன்.”

கரண்டியை இறுகப் பிடித்தேன். “அடிச்சீங்களா?”

“ஐயையோ! இல்லை!” என்று பதறினார். “கடை வாசலைக் குழாய்த் தண்ணி விட்டுக் கழுவினேன். பனிக் காலத்துல தண்ணி ஊத்தாதீங்க, உறைஞ்சிடும்னு நாப்பது வருஷமாச் சொல்றா. நான் கேட்டாத்தானே? கூட்டிப் பெருக்கச் சோம்பல். அவ தட்டோட வெளிய வந்தா, வழுக்கி விழுந்தா. தூக்கும்போது மன்னிச்சுக்கோன்னு வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர். ஆனா வெளிய வந்தது, ‘பார்த்து நடக்கக் கூடாதா’ன்னு.”

“கொடுமை!”

“கொடுமைதான். மூணு வாரமாச்சு. இன்னும் அந்தச் சொல் வரல.”

மிச்சத்தையும் சொன்னார். மனைவி பெயர் ஹாத்சுயே. செத்சுபுன் அன்று அவர்கள் தெருவுக்கே அவள்தான் சுருள் செய்வாள், அறுபது வீட்டுக்கு. இந்த வருஷம் மாவுக்கட்டுப் போட்ட கையோடு செய்தே தீருவேன் என்று நிற்கிறாள். அந்த மணிக்கட்டை அசைத்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் சரியாகாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். நான் செய்கிறேன் என்று இவர் எப்படிச் சொல்வது? சுருட்டுவதெல்லாம் ஒரு வேலையா, மீன் வெட்டிப் பார் தெரியும் என்று நாற்பது வருஷமாக அவளைச் சீண்டியவர் இவர்தானே!

“பச்சின்கோ சூதாட்டக் கடைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்” என்றார்.

எனக்குக் கோபம் வந்ததா, பரிதாபம் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. “நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. கழுத்துப் பட்டை வேண்டாம்” என்றேன்.

வியாழன், வெள்ளி, திங்கள், மூன்று மதியம். என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. சோற்றை ஐஸில் வைப்பதை விட்டார், ஆனால் சுருட்டும்போது குழந்தையைத் தொடுவது மாதிரி பயந்து பயந்து தொட்டார். பயந்து சுருட்டினால் தொளதொளவென்று இருக்கும். கோபத்தில் இறுக்கினால் வெடிக்கும். முப்பது சுருள் வெடித்தது. கூடத்து அலுவலகத்தில் இருக்கிறவர்கள் இனிமேல் தின்ன முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

திங்கட்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. மேஜை மேல் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து அவர் முன்னால் வீசினேன்.

“வாடிக்கைக்காரருக்கு மீனை எப்படிக் கட்டித் தருவீங்க? கட்டுங்க பார்க்கலாம்!”

“மீன் இல்லையே.”

“இந்த வெள்ளரிக்காயைக் கட்டுங்க!”

வெள்ளரியைத் தாளில் வைத்தார். கட்டைவிரல் இரண்டும் தாளைத் தூக்க, மற்ற விரல்கள் உள்ளே அணைக்க, ஒரு இழுப்பு, ஒரு உருட்டு. நான் கண்ணை இமைப்பதற்குள் பொட்டலம் தயார். தளர்வும் இல்லை, நசுங்கலும் இல்லை. கட்டியவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதேதான்யா!” என்று கத்தினேன். “நாப்பது வருஷமா தினம் முந்நூறு தடவை பண்ணிட்டு, எனக்கு வராது வராதுன்னு என் உயிரை வாங்கினீங்களே!”

அடுத்த சுருள் வெடிக்கவில்லை. அதற்கடுத்ததும் வெடிக்கவில்லை. ஆறாவது சுருளில் மனுஷர் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். அதற்கும் திட்டினேன்.

செத்சுபுன் அன்று காலை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரயிலேறி ஹிமிக்குப் போனேன். மீன்கடையைத் தேடுவது கஷ்டமாக இல்லை; தெருமுனையிலேயே அந்தக் குரல் கேட்டது. பலகைக்குப் பின்னால் மாவுக்கட்டைத் துணித்தூளியில் தொங்கவிட்டு ஒரு குட்டையான அம்மாள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்து, மூக்கை உறிஞ்சினாள்.

“இவர் மேல அடிக்கிற அதே வினிகர் வாசனை. ஓ, நீங்கதானா அந்த பச்சின்கோ கடை?”

நான் தலைகுனிந்து வணக்கம் சொன்னேன். இனோமாத்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“நேத்து ராத்திரி சொல்றாரு, அறுபதையும் நானே சுத்துறேன்னு. சிரிச்சுச் சிரிச்சுக் கட்டுப் போட்ட கை வலிச்சிடுச்சு” என்றாள் ஹாத்சுயே. “சரி, ஒண்ணு சுத்துங்க, அதை நானே சாப்பிடுறேன்னு சொல்லிட்டேன். கடைசி வாய் வரைக்கும் பிரியாம இருந்தா, அறுபதும் உங்க பொறுப்பு. நடுவுல பிரிஞ்சா, நான் ஒத்தக் கையால செய்வேன், நீங்க பேசக்கூடாது.”

“ஒத்தக் கையால முடியாதும்மா” என்றேன்.

“அது எனக்கும் தெரியும். இன்னொரு கையையும் சேர்த்துத்தான் செய்வேன்.”

இவளுக்கு என்னைவிடப் பிடிவாதம் என்று புரிந்தது. இனோமாத்தா கையைக் கழுவினார். பாயை விரித்தார். அந்த விரல்கள் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. சுருளை மனைவியின் நல்ல கையில் கொடுத்தார். அவள் திசை பார்த்துத் திரும்பினாள். அந்தப் பக்கம் கணவாய் மீன் கூடைகள் இருந்தன. கண்ணை மூடி முதல் வாய் கடித்தாள்.

பிரியவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது. தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹாத்சுயே மென்றுகொண்டிருந்தாள், வாய் நிறைய. அப்போதுதான் அந்த மனுஷருக்கு என்ன தோன்றியதோ, ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“ஹாத்சு. அன்னிக்கு வாசல்ல தண்ணி ஊத்தினது என் தப்பு. உறையும்னு எனக்குத் தெரியும். விழுந்தது உன் தப்பு மாதிரி நான் பேசினேன். நாலு வாரமா தினமும் காலையில உனக்கு ஜாக்கெட் மாட்டி விடும்போது சொல்லணும்னு நினைக்கிறேன். நீ பதில் சொல்லுவியோன்னு பயந்து சொல்லல. என்னை மன்னிச்சுக்கோ.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். பாதிச் சுருள் இன்னும் கையில் இருந்தது, ஒரு பருக்கைகூட உதிரவில்லை. வாயிலிருந்ததை விழுங்கினாள்.

“நாப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேக்குறீங்க” என்றாள். “அதுவும் நான் வாயைத் திறக்க முடியாத நேரமாப் பார்த்து!”

தெருவில் நின்ற பெண்களில் ஒருத்தி, “ஐயோ, பேசிட்டாங்க!” என்றாள்.

“போகட்டும்டி அதிர்ஷ்டம்!” என்றாள் ஹாத்சுயே. கன்னத்தில் ஓடிய கண்ணீரை மாவுக்கட்டாலேயே துடைத்துக்கொண்டாள். அவள் மிச்சப் பாதிச் சுருளை எடுத்துக் கணவர் கையில் திணித்தாள். தோளைப் பிடித்துக் கணவாய்க் கூடைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

“அறுபதும் உங்க பொறுப்புதான். இந்த வருஷ அதிர்ஷ்டம் நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து இதுதான். சாப்பிடுங்க. மூச்சு விடக்கூடாது.”

இனோமாத்தா கண்ணை மூடிக் கடித்தார். ஹாத்சுயே பேச ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்ததிலிருந்து தொடங்கினாள். பிரசவ வலி எடுத்தபோது மீன் ஏலத்துக்குப் போனது, அவளுடைய அம்மா வந்தபோது நண்டு தரமாட்டேன் என்றது, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கேட்டதற்கு மீன் தலையைக் கொண்டுவந்து நீட்டியது, எல்லாம் வரிசையாக வந்தது, ஒன்றையும் விடவில்லை. தெருவே கூடிவிட்டது. அவர் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது.

நான் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். பாதிச் சுருளை நிதானமாகத் தின்றாலும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவள் சொல்லி முடிக்கும்வரை, ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டே நின்றார்.