நாலு சுற்று தளர்த்திய பிரேக்

ஆவணி மாதத்து இரண்டாவது முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்குப் பவானியும் பிரிசில்லாவும் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே ஒரு மண்டபத்தில் வரவேற்பு. அதற்குள் மணப்பெண்ணை அலங்கரித்து மேடையேற்றிவிட வேண்டும். முகம் பவானியின் பொறுப்பு, தலை பிரிசில்லாவின் பொறுப்பு. ஆறு வருடமாக இந்த இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போய்வந்த கல்யாணங்களுக்குக் கணக்கே கிடையாது. அலங்காரப் பெட்டி பவானியின் காலுக்கு நடுவில் இருக்கும். பூச்சடையும் கொண்டை ஊசிகளும் பிரிசில்லாவின் மடியில் இருக்கும்.

பவானி வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள். அந்தப் பேர் அவளுக்கும் பிடித்திருந்தது. ஊரிலே பாதிப் பேரைப் போல அவளும் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். நெரிசல் என்றால் ஏதாவது ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வாள். பஸ் வழி விலக்கிக்கொண்டே போகும், நாம் பின்னாலேயே போய்ச் சேரலாம் என்பது அவள் கட்சி.

ஆலப்பாக்கம் தாண்டி, சாலை வேலைக்காக வண்டிகளை ஒரே பக்கம் திருப்பிவிட்டிருந்த இடத்திலும் அப்படித்தான் போனாள். அந்த பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தவர் அதன் முதுகில் எழுதிவைத்திருந்த செல் நம்பரைப் பிரிசில்லா உரக்கப் படித்தாள்.

"என்னாடி, பஸ்ஸுக்குள்ளயே போயிடுவ போலிருக்கு?"

"அப்ப ரெண்டு டிக்கெட் எடுத்துடு."

பிரிசில்லா சிரித்து முடிப்பதற்குள் சாலையோரத்தில் ஓர் அம்மாள் இரண்டு பைகளோடு கையை நீட்டினாள். பஸ் நின்றது. எப்போதும் இடது கைப் பிரேக் ஒன்றாலேயே நிறுத்திப் பழகிய பவானி, பதட்டத்தில் இரண்டு கைப் பிரேக்கையும் சேர்த்து இறுக்கினாள். இடது கை பிரேக் பிடித்தது. முன்சக்கரத்துக்கான வலது கைப் பிடியோ தீர்ந்துபோன பேஸ்ட் ட்யூபை அமுக்கினது போலச் சத்தமில்லாமல் கைப்பிடி வரைக்கும் வந்தது. பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கியது. வண்டி சாய்ந்து தேய்த்துக்கொண்டே போய் பஸ்ஸின் பம்பரில் முட்டி நின்றது. இருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்ததால் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிரிசில்லா விழுந்தபோது வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தலை பின்னுகிற கை.

முழங்காலில் ரத்தம் ஒழுக, ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த நேரத்திலேயே பவானி சிதம்பரத்து சந்திரலேகாவுக்குப் போன் போட்டாள். சந்திரலேகா அதே தொழிலில் அவளுக்குப் போட்டிக்காரி.

"ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்குது, உடனே போ. முகத்துக்கு வெள்ளையடிச்சிடாத. அந்தப் பொண்ணு நெறமே அழகு."

"அடிபட்டுக் கெடக்கையிலும் உன் வாய் அடங்குதா பாரு," என்று திட்டிக்கொண்டே சந்திரலேகா ஓடினாள்.

பிரிசில்லாவுக்குத் தகடு வைத்தார்கள். நாலு மாதத்தில் விரல் பழையபடி வேலை செய்யும் என்றார் டாக்டர். வண்டிப்பாளையத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் பவானி ஆப்பிளோடு போனபோது அவள் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"உம்மேல கோவமெல்லாம் இல்ல பவானி. ஆனா உன் பின்னாடி இனிமே உக்கார மாட்டேன்."

பின்னால் உட்காராவிட்டால் கல்யாண வேலை இல்லை. அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் நேரத்துக்கு இறங்குவது நடக்காத காரியம் என்று இருவருக்கும் தெரியும். ஆறு வருடக் கூட்டு அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பிரிசில்லாவை மறுபடி தன் வண்டியில் உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று படி இறங்கும்போதே பவானி முடிவு செய்துகொண்டாள்.

வண்டியை மெக்கானிக் காத்தவராயனின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, வலது கை பிரேக் புடிக்கவே இல்ல. கம்பி அறுந்துபோச்சா பாரு."

காத்தவராயன் நிமிரக்கூட இல்லை. "அறுந்தெல்லாம் போவல. லூசு பண்ணித்தான வெச்சிருக்கேன்."

"யாரு பண்ணச் சொன்னது?"

"நம்ம பாலகுமார் மச்சான்தான். பழைய வண்டியக் குடுத்துட்டு இத எடுத்த வாரமே கொண்டாந்துச்சே. முன் பிரேக்கப் புடிச்சா குப்புறத் தூக்கி அடிச்சிடும், பொம்பளப்புள்ள பதட்டத்துல புடிச்சிடும்னு சொல்லிச்சு. நியாயந்தான? லேடீஸ் வண்டி எது வந்தாலும் முன் பிரேக் நட்ட நாலு சுத்து தளர்த்தித்தான் உடுவேன். இப்பல்லாம் கேக்கறதுகூட இல்ல."

"எத்தினி வண்டி அப்பிடி உட்டிருக்க?"

அவர் கிரீஸ் கையால் எண்ணினார். விரல் தீர்ந்துபோய் மறுபடி ஆரம்பித்தார். "செம்மண்டலத்துல மட்டும் பதினாலு இருக்கும்."

பவானிக்கு முழங்கால் காயம் அப்போதுதான் வலித்தது போல் இருந்தது.

அவள் கணவன் பாலகுமார் சிப்காட்டில் வெல்டர். நல்ல மனிதன். அவன் தங்கை புருஷன் ஒருத்தன் மணலில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழுந்து இரண்டு பல்லைப் பறிகொடுத்தவன். அந்தப் பயம் பாலகுமாருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பவானி கேட்டதும் அவன் மறைக்கவில்லை.

"நீ கவுந்துடக் கூடாதுன்னுதான்டி பண்ணேன். உன் நல்லதுக்கு."

"நல்லது பண்ணா சொல்லிட்டுப் பண்ணணும் மாமா. முகத்துக்குப் புதுசா ஒரு கிரீம் போடறதுன்னாகூட, நான் காதுக்குப் பின்னாடி தடவிப் பாத்து, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் போடறேன். நீ என் பிரேக்கையே எடுத்துட்டு மூணு வருசமா பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாலகுமார், தான் செய்த வேலைக்கு அபராதம் போல ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனான். செம்மண்டலத்துக்கு வெளியே மனை போட்டு, வீடு எழும்பாத ஓர் இடத்தில் வெறும் தார்ச்சாலை கிடந்தது. பவானி செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்துத் தயாராக வந்திருந்தாள். காத்தவராயன் முன் பிரேக்கை முறுக்கிக் கொடுத்திருந்தார். "ஏதாச்சும் ஆனா என்னைச் சொல்லக் கூடாது" என்று மூன்று முறை சொன்னபிறகுதான் கொடுத்தார்.

முதலில் மெதுவாக ஓட்டிப் பழகினாள். வண்டி நேராக இருக்க வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடுங்காமல், எலுமிச்சம்பழம் பிழிவது போல விரல்களால் இறுக்கிக்கொண்டே போக வேண்டும். மணலிலோ வளைவிலோ அந்த வேலை ஆகாது. கை பழகியதும் வேகத்தை நாற்பதுக்கு ஏற்றினாள். ஒரு கோட்டில் பிரேக்கைப் பிடிப்பாள். வண்டி நிற்கிற இடத்தில் பாலகுமார் செங்கல்லை வைத்துவிட்டுக் காலால் எட்டு வைத்து அளப்பான்.

பின் பிரேக் மட்டும் பிடித்தால் இருபத்து நாலு எட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பதிமூன்று.

பாலகுமார் மறுபடி அளந்தான். மூன்றாம் தடவையும் பதிமூன்றே வந்ததும் வண்டியை வாங்கித் தானே ஓட்டிப் பார்த்தான். நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்த அவன் முகத்தைப் பார்த்துப் பவானிக்குச் சிரிப்பு வந்தது.

"கவுந்தியா மாமா?"

"போடி."

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பவானிக்கு மனசு கேட்கவில்லை. "நான் வந்துக்கிட்டே இருப்பேன். நீ எப்ப வேணா கையத் தூக்கு. அப்பத்தான் புடிப்பேன்," என்றாள். அவன் தூக்கினான். அவன் கை எழுந்ததற்கும் அவள் விரல் இறுக்கியதற்கும் நடுவில் வண்டி பத்து எட்டு ஓடியிருந்தது. பத்தும் பதிமூன்றும் இருபத்து மூன்று. ஆலப்பாக்கம் தாண்டி அன்றைக்குப் பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது மூன்றே எட்டு. பஸ்ஸும் கொஞ்சம் ஓடித்தான் நின்றிருக்கும் என்றாலும், மூன்று எட்டு எந்தக் கணக்கிலும் பத்தாது. பிரேக் நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அவள் இடித்திருப்பாள்.

பாலகுமாருக்கும் அது புரிந்துவிட்டது. செங்கல்லைக் கீழே போட்டான்.

"இத யாராண்டயும் சொல்லாத. எம்புருசன் பிரேக்க லூசு பண்ணிட்டான், அதனாலதான் உழுந்தோம்னு பிரிசில்லாகிட்ட சொல்லு. பழி எம்மேல வரட்டும். அது உன்கூட வந்துடும்."

அது நடக்கும் என்று பவானிக்குத் தெரியும். பிரிசில்லா பாலகுமாரை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கை சரியான மறுநாளே வண்டியில் ஏறிவிடுவாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வண்டிப்பாளையத்துக்குப் போய் நாலு சுற்றையும் சொன்னாள், மூன்று எட்டையும் சொன்னாள்.

பிரிசில்லா வலது கையில் ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அப்ப பிரேக்கு நல்லா இருந்தாலும் இடிச்சிருப்ப."

"ஆமாம்."

"இத மறைச்சிருந்தா கை சரியானதும் வந்திருப்பேனே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன? பைத்தியம். நான் பயந்தது சரின்னு நீயே சொல்லிட்ட. போ."

கை தேறியதும் பிரிசில்லா குறிஞ்சிப்பாடியில் ஓர் அழகு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பவானி தனியாகக் கல்யாணங்களுக்குப் போனாள். முகம் எப்போதும் போல ஜொலித்தது. தலை சுமாராகத்தான் வந்தது. மணப்பெண்களின் அம்மாக்கள் நாசூக்காக, "முன்னாடி உங்ககூட ஒருத்தங்க வருவாங்களே?" என்று கேட்பார்கள். "வருவாங்க," என்பாள் பவானி. எப்போது என்று சொல்ல மாட்டாள்.

காத்தவராயன் கடையில் ஒரு வாரம் காலையும் மாலையும் நின்று பதினாலு வண்டிகளையும் வரவழைத்து முன் பிரேக்கை முறுக்கவைத்தாள். இரண்டு கணவர்மார் சண்டைக்கு வந்தார்கள். அவர்களைப் பாலகுமார் அந்தத் தார்ச்சாலைக்கு அழைத்துப் போய்ச் செங்கல் வைத்து அளந்து காட்டினான். பவானிக்கோ அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. மண்டபத்து வாசலில் நிற்கிற ஸ்கூட்டர்களின் வலது கைப் பிடியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். சிதம்பரத்தில் ஒரு காவலாளி திருடி என்று நினைத்து அவளைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில், அங்கேயே நின்ற அவர் மகள் வண்டியின் பிரேக்கும் லூசு என்று தெரியவந்தது.

சாலையில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். முன்னால் போகிற பஸ் ஒரு கம்பத்தைத் தாண்டினதும், "மை... பொட்டு... பூ..." என்று ஆற அமரச் சொல்வாள். பூ சொல்லி முடித்த பிறகே அவள் அந்தக் கம்பத்தைத் தாண்ட வேண்டும். மழை பெய்தால் வளையலும் கொலுசும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு இடம் விட்டால் நம்மூரில் சும்மா இருப்பார்களா? ஒருத்தன் நுழைவான், அவன் பின்னால் இன்னொருத்தன் நுழைவான்.

"யக்கா, தூங்கிட்டியா?" என்று ஒருத்தன் கத்திவிட்டுப் போனான்.

"நீ போ ராசா. உனக்குத்தான் எடம் உட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி பின்வாங்கி, மறுபடி மையிலிருந்து ஆரம்பிப்பாள். புதுச்சத்திரம் பக்கம் ஒருநாள் பஸ் அதே போலத் திடீரென்று நின்றது. பவானி நேராக, இரண்டு கையாலும் பிழிந்து, பஸ்ஸுக்கு வெகுதூரம் பின்னாலேயே நின்றாள். முதல் வேலையாகக் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினாள். பசிதான் எடுத்தது. டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

இதையெல்லாம் அவள் பிரிசில்லாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து மட்டும் போனது, வந்தது.

விழுந்து பதினாலு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பவானி பிரஷ்களைக் கழுவிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் இது வந்தது:

"நேத்து சிதம்பரத்துலேருந்து பஸ்ஸுல வந்தேன். கடைசி சீட்டு. பி.முட்லூர்லேருந்து நீ பின்னாடியே வந்த. பின் கண்ணாடி வழியா ஓ.டி. ஸ்டாப் வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன், கழுத்து புடிச்சிக்கிச்சு. ஒன்பது பேர் நடுவுல பூந்தானுங்க. ஒன்பது தடவையும் நீ பின்ன போயிட்ட. வேகமா போறப்ப ஒரு தடவகூட உன் முகம் எனக்குச் சரியா தெரியல, அவ்ளோ தூரம். பஸ்ஸு மெதுவா போனப்பதான் உன் வாய் எதையோ மொணமொணக்கறது தெரிஞ்சுது, ஜெபமா என்னான்னு தெரியல. கை நல்லாருக்கு, பின்னல் பழையபடி வருது. அடுத்த கல்யாணம் எப்ப? வண்டிப்பாளையம் வந்து ஏத்திக்க. பாலகுமார் மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்குது, அதை நேர்ல சொல்லிக்கறேன்."