குன்வோருக்கு வந்த மலர்வளையங்கள்

ஒட்ருனின் இறுதிச்சடங்கு நேற்று முடிந்தது. வடகடலோரத்து இந்தச் சின்ன ஊரில் பிறந்து, பள்ளி முடிந்ததும் மீன் தொழிற்சாலைக்குள் போய், முதுகு வளைய மறுக்கும்வரை அங்கேயே நின்று வேலை செய்தவள். கணவன் கடலோடு போனான். மகன் யார்லேயைத் தனியாக வளர்த்தாள். தன்னைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்பாள். ஆனால் நாவலாசிரியர் எய்லிவ் ஒரு குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். அதன்பிறகு அவள் கதை அவளிடம் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மீன் வெட்டுவதற்காக நகர்ந்துவரும் பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருநாள் தோலுரிக்கும் இயந்திரத்தில் என் விரல் அகப்பட்டது. "பெல்ட்டை நிப்பாட்டாதேங்கோ!" என்று மேற்பார்வையாளன் கத்தினான். ஒட்ருன் எட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்; பெல்ட் நின்றது.

"ஒரு பிள்ளையின்ர விரல் போகுது. மீன் கொஞ்சம் பொறுக்காதோ?"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தன் ஏப்ரனால் என் கையைச் சுற்றிக்கொண்டு, டாக்டரிடம் போகும் படகில் வழிநெடுக அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். விரலின் நுனி போய்விட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்ட எய்லிவ் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதை நான் எழுதோணும், ஒட்ருன்."

"எழுதன். என்ர பேரைப் போடாதை, நடந்ததை மாத்தாதை. இப்ப ஈரலைச் சாப்பிடு, ஆறுது."

பேரை மாற்றினார். புத்தகத்தில் அவள் குன்வோர். மீன் பெட்டிமேல் ஏறி நின்று முதலாளிகளைப் பற்றி மூன்று பக்கம் பேசுகிறாள். நானும் அதில் இருந்தேன், பெயரில்லாத கறுத்தப் பெட்டையாக. ஒட்ருன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மூண்டு பக்கம் கதைச்சு முடிய முதல் நீ ரத்தம் போய்ச் செத்திருப்பாய், சுகி!"

மே தின ஊர்வலத்தில் இடதுசாரிக் கட்சிக்காரர்கள் குன்வோரின் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒட்ருன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நாட்களில் எய்லிவ் தான் எழுதியதைத் தானே நம்பினார். வேலைநிறுத்தம் நடந்தால் சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து எங்களோடு பனியில் நிற்பார்.

பிறகு தொழிற்சாலை மூடப்பட்டது. எங்கள் படகுகளின் மீன்பிடி உரிமையைத் தெற்கிலுள்ள பெரிய கம்பனிகள் வாங்கிக்கொண்டன. கட்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எய்லிவ் தன் அங்கத்துவ அட்டையைக் கிழித்தெறிந்தார். அந்தக் கோபம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அடுத்த நாவலிலும் குன்வோர் வந்தாள். இந்த முறை அவள் பெல்ட்டை நிறுத்துவது, எங்கிருந்தோ வந்தவர்கள் ஊர்ப் பெண்களின் இடத்தில் நிற்கிறார்கள் என்பதற்காக. அந்தப் புத்தகத்தில் விரல் இல்லை. சில வருடங்களில் 'நம் கரை' என்றொரு இயக்கம் கிளம்பியது. அதன் பொடியன்கள் குன்வோரின் வசனத்தைத் தங்கள் ஜாக்கெட்டின் முதுகில் அச்சடித்துக்கொண்டார்கள். எய்லிவே அவர்களைக் கூட்டிவந்து ஒட்ருனின் வீட்டைக் காட்டினார்.

ஒட்ருன் என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

"எய்லிவ், நான் ஏன் பெல்ட்டை நிப்பாட்டினனான்? சொல்லு."

"அது நீயில்லை, ஒட்ருன். அது குன்வோர்."

"அப்ப உந்தப் பொடியளுக்கு ஏன் என்ர வீட்டைக் காட்டினனி?"

அவர் காப்பியை ஊற்றினார். "வாசிக்கிறவை தங்கட பாட்டுக்கு வாசிப்பினம். நான் என்ன செய்ய?"

"நடந்ததைப் பேப்பரில ஒரு வரி எழுது. வேற ஒண்டும் கேக்கேல்லை."

எழுதுகிறேன் என்றார். ஒட்ருன் ஒவ்வொரு நாளும் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள். அவர் எழுதவில்லை.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மலர்வளைய நாடாக்களில் உள்ளதை ஒருவர் உரக்க வாசிப்பது இந்த ஊர் வழக்கம். சாவதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஒட்ருன் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "நீதான் வாசிக்கோணும். குன்வோருக்கு எண்டு வந்தால் வாசிக்காதை. கடைசி நாளிலயாவது நான் நானாக் கிடக்கிறன்."

நேற்று கட்சியின் வளையத்தில் 'எங்கள் சிவப்புக் குன்வோருக்கு' என்றிருந்தது. நம் கரையின் வளையத்தில் 'கரையின் காவல் குன்வோருக்கு'. வெள்ளை ரோஜா வளையம் எய்லிவுடையது. இதிலாவது அவள் பெயர் இருக்கும் என்றுதான் நாடாவைத் திருப்பினேன். 'குன்வோருக்கு, நன்றியுடன்.'

மூன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை வாசித்தேன்.

சடங்கு முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கக் கூடிய மண்டபத்தில் எய்லிவ் என்னிடம் வந்தார். "சுகி, என்ர நாடா எங்கையும் விழுந்திட்டுதோ?"

"இல்லை. ஒட்ருனுக்கு வந்ததைத்தான் வாசிச்சனான்."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். பிறகு கரண்டியால் கோப்பையைத் தட்டி, எழுந்து நின்று பேசத் தொடங்கினார். மீன் பெட்டி வந்தது, மூன்று பக்கப் பேச்சு வந்தது, எங்கிருந்தோ வந்தவர்களும் வந்தார்கள். மகன் யார்லே எழுந்து மறுப்பான் என்று காத்திருந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா அப்பிடித்தான்," என்றான்.

என் விரல் போன அன்று பெல்ட்டின் மறுபக்கத்தில் என் எதிரே நின்றவள் ஹெர்தீஸ். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"அந்தப் பேச்சு இப்பவும் காதுக்குள்ள நிக்குது, சுகி. என்ன குரல் அவளுக்கு!"

"ஹெர்தீஸ், அவ பேச்சு ஒண்டும் பேசேல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள். "நீ அதுக்குப் பிறகு வந்தனி எல்லோ?"

அன்பாகத்தான் கேட்டாள். கிரீம் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி என் தட்டில் வைத்தாள்.