சித்தப்பாவின் ஜெட்டுக்கு ஆட்டோ பைலட்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து வந்த அந்தக் கோடை விடுமுறையை நினைத்தால், இப்போதும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். தெருவிலிருந்த மற்றப் பிள்ளைகள் பழவேற்காடு, மெரினா என்று போய்வந்தார்கள். நான் கும்மிடிப்பூண்டியில், மின்விசிறியை நிறுத்திய ஓர் அறையில், சித்தப்பாவின் ஜெட் விமானத்துக்கு எதிரே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் சிப்காட்டில் ஒரே இரும்பு ஆலையில் வேலை. அப்பா கீழே; சித்தப்பா மேலே, கூரையை ஒட்டி ஓடும் கிரேனில். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டைகளைத் தூக்கிவந்து அப்பா நிற்கும் பக்கம் இறக்குவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிமோட்டில் விமானம் விடுவார். தெர்மாகோல் மாதிரியான அட்டையை வெட்டி, ஒட்டி, வயிற்றுக்குள் ஒரு குட்டி விசிறி வைத்து அவரே செய்த ஜெட். ஆரம்பாக்கத்தில் அறுப்பு முடிந்த வயல்களில் அதைத் தலைகீழாக, வரப்புக்கு மேலே முழ உயரத்தில் ஓட்டிக்காட்டுவார். பைக்கில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

அந்த விடுமுறையில் எனக்கு ரிமோட் பிடிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ரிமோட்டை என் கையில் கொடுக்கவில்லை. எங்கிருந்தோ தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தார். ஆட்டோ பைலட்டாம். அதைப் பொருத்திவிட்டால் விமானம் தானே நிமிர்ந்துகொள்ளும், தானே திரும்பும், புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கும். நன்றாக ஓடத் தெரிந்தவர் எதற்காக நடைவண்டி வாங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, "சும்மா இரு பாப்பா, இதான் இப்ப டெக்னாலஜி" என்றார்.

பெட்டியை ஜெட்டுக்குள் ஒட்டி ஒயர்களை மாட்ட ஒரு நாள்தான் ஆனது. அதன் பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. எது மேலே எது கீழே என்று அந்தப் பெட்டிக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். விமானத்தை நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், மூக்கு கீழே, மூக்கு மேலே, மல்லாக்க என்று ஆறு விதமாகப் பிடித்து, ஒவ்வொரு விதத்திலும் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். அசைந்தால் லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வரும். மறுபடி முதலிலிருந்து.

சிவப்பு எழுத்து வந்துகொண்டே இருந்தது. மின்விசிறிக் காற்று என்றார் சித்தப்பா, நிறுத்தினோம். கூடூர் பக்கம் போகிற ரயிலின் அதிர்வு என்றார். ரயில் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தோம். சிப்காட் லாரி என்றார். நான் கொலுசு போட்டு நடப்பது என்றார், கழற்றினேன். அரிசி டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்தார். இறக்கை வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பிடிக்கட்டுமா என்றால், உடைத்துவிடுவாய் என்று தரமாட்டார். ஒரு நாள் மிக்ஸியை நிறுத்தச் சொன்னபோது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

"இன்னா தம்பி, ஊரையே நிறுத்திட்டுத்தான் உன் ப்ளேனு பறக்கணுமா? இட்லிக்குச் சட்னி வேணுமா வேணாமா?"

"அஞ்சு நிமிசம் அண்ணி" என்றார் சித்தப்பா. அந்த ஐந்து நிமிடம் பன்னிரண்டு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் அவர் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். விமானத்தை எடுத்தேன். ஆறு விதமும் எனக்கு மனப்பாடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒரே தடவையில் பச்சை எழுத்து வந்துவிட்டது. கத்தினேன். ஓடிவந்த சித்தப்பா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உடைத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு நாள் என்னை வியர்வையில் ஊறவைத்த மனிதர் ஒரு சபாஷ் சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்த ஞாயிறு காலையில் ஆரம்பாக்கம் போனோம். சித்தப்பா ஜெட்டை வீசிவிட்டு, ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். அது கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு தானே நிமிர்ந்து ஏறியது. தென்னை உயரத்துக்குமேல் போய்ப் பெரிய வட்டமாகச் சுற்றியது. அவர் ரிமோட்டை வண்டி சீட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். நாலு நிமிடம் கழித்து அது எங்களைத் தேடி வந்து, வைக்கோலில் சறுக்கி இறங்கியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தேன்.

மத்தியானம் மீஞ்சூரிலிருந்து அத்தை வந்திருந்தாள். மீன்குழம்பு. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ப்ளேன் தானாக ஓடுகிறதாமே என்று அத்தை கேட்டாள். பன்னிரண்டு நாள் எரிச்சலுக்கும் பலன் அடைய இதுதான் சமயம் என்று நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் நான்தான் அத்தை செஞ்சேன். சித்தப்பா புடிச்சா கை ஆடிக்கினே கீது. அதான் பொட்டி ஒத்துக்கல. நான் புடிச்சேன், ஒரே வாட்டில ஓகே ஆயிடுச்சு!"

அத்தை சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டில் விட்டுவிட்டுச் சித்தப்பாவின் வலக்கையைப் பார்த்தார். சித்தப்பா அதைத் தட்டுக்குக் கீழே இறக்கினார்.

"எத்தினி நாளா?"

"தீபாளிலேர்ந்துண்ணா."

"இந்தக் கைய வெச்சிக்கினா என் தலமேல கிரேன் ஓட்டினு இருந்த?"

அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொன்னதற்கு என்னைத் துரத்துவது என்ன நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். சித்தப்பா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. என் பெருமை அவருக்குப் பொறுக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் சென்னைக்கு ரயில் ஏறக் கிளம்பினார்கள். பெரியாஸ்பத்திரிக்கு என்றாள் அம்மா. அதற்குப் பிறகு சித்தப்பா கிரேனில் ஏறவேயில்லை. ஆலையில் அவரை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அந்தக் கையின் ஆட்டம் இனி நிற்காது என்பது அவருக்கு எப்போது தெரிந்தது, அந்தப் பெட்டியை எதற்காக வாங்கினார், யாரிடமும் சொல்லாமல் எத்தனை மாதம் மேலே போய்வந்தார் என்பதையெல்லாம் நான் சேர்த்து யோசிக்கவே பல வருடம் ஆனது.

அன்று காலை நான் வாசலுக்கு ஓடி, "சித்தப்பா, மெட்ராசுதானே போற? பெரிய பேட்டரியா ஒண்ணு வாங்கினு வா. இது நாலு நிமிசத்துல தீந்துபோவுது" என்றேன். அவர் தலையாட்டினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு பேட்டரியும் வந்தது. ஜெட்டின் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். அரை விரல் அகலம் அதிகமாக இருந்தது, உள்ளே போகவில்லை. இதைக்கூட அளந்து வாங்கத் தெரியாதா என்று அவரிடம் அரைமணி நேரம் சண்டை போட்டேன்.