சாவுக்குப் போன அண்டா

அண்டாவின் ஒரு காதை எலுபே பிடித்திருந்தாள், மறு காதை மலிட்டா. பள்ளி மைதானத்தைத் தாண்டியதும் மலிட்டா நின்று மூச்சு வாங்கினாள். அவளுடைய தங்கை ஃபலேசி முந்தின இரவு இறந்திருந்தாள்.

"ஹெட்மாஸ்டர் ஒண்ணும் சொல்லலையா?" என்று எலுபேயைக் கேட்டாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கஞ்சிக்கு வேணுமேன்னாரு. அடக்கம் முடிஞ்சதும் தேய்ச்சுக் கொண்டாந்துடுறேன்னேன். சாவி உங்கிட்ட, பொறுப்பும் உன்னோடதுன்னுட்டு வகுப்புக்குள்ள போயிட்டாரு."

"பொழைக்கத் தெரிஞ்ச மனுஷன்."

சாவு வீடு கேட்டால் பெரிய பாத்திரத்தை இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. அடக்கம் முடியும்வரை ஊரே அங்கேதான் தின்னும், தூங்கும். முன்பெல்லாம் அண்டாவுக்குப் பக்கத்து ஊர் போவோம். வெளிநாட்டு அறக்கட்டளை பள்ளிக்குக் கஞ்சி மாவும் இரண்டு அண்டாவும் கொடுத்தபிறகு அந்த அலைச்சல் நின்றது. இந்தச் சாவுக்கு இரண்டுமே போயின.

ஏழு வருடமாக எலுபேயும் ஃபலேசியும் பள்ளியில் ஒரே அடுப்பில் கஞ்சி கிண்டினார்கள். கூலி கிடையாது. வருடத்துக்கு ஒரு துணி கிடைக்கும். மாவில் கை வைக்காதவள் என்று ஊர் சேர்ந்து எலுபேயிடம் பள்ளிக் கிடங்குச் சாவியைக் கொடுத்திருந்தது. ஜோகன்னஸ்பர்க் போன அவள் புருஷன் முதல் வருடம் ஒரு போர்வை அனுப்பினான், அவ்வளவுதான். கடைசி மகள் தியமிகே இரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. அப்போது தியமிகேவுக்குப் பகலெல்லாம் பள்ளிக் கஞ்சி ஒரு குவளைதான். இதுவும் பிப்ரவரி.

வெள்ளிக்கிழமை காலை அறக்கட்டளையின் கண்காணிப்பாளர் சிங்கானோ சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்தார். காலிக் குவளையோடு முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் சாவு வீட்டுக்கு வழி காட்டினார்.

சிங்கானோ துக்கம் விசாரித்தார். கை கழுவிவிட்டு ஆண்களோடு உட்கார்ந்து களி சாப்பிட்டார். பிறகு எழுந்துபோய், அண்டாவில் இருந்த அறக்கட்டளையின் நீலச் சின்னத்தைப் படம் பிடித்தார்.

எலுபே மண்டியிட்டாள். "ஐயா, திங்கக்கிழமை சேத்துக் காய்ச்சிடுறோம்."

"எனக்குத் தெரியாதாம்மா. எங்க ஊர்லயும் இதே வழக்கந்தான். ஆனா படிவத்துல இன்னைக்குக் கஞ்சி போட்டாங்களான்னுதான் கேட்டிருக்கு. ஏன் போடலைன்னு எழுத இடம் இல்ல. போன மாசமும் ஒரு நாள் விட்டிருக்கீங்க."

"அன்னைக்குத் தண்ணிப் பம்பு உடைஞ்சிடுச்சு."

"இன்னைக்கும் விட்டதா எழுதினா உங்க பள்ளிக்கூடத்தைப் பட்டியல்லருந்து எடுத்துடுவாங்க. பன்னெண்டு மணிக்குள்ள அடுப்பு எரிஞ்சா தாமதம்னு போட்டுக்குறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

அவர் பள்ளிக்குத் திரும்பினார். ஒரு அண்டாவில் களி இருந்தது. இன்னொன்றில் குழி வெட்டுகிறவர்களுக்காக உலை கொதித்துக்கொண்டிருந்தது. எலுபே அதன் நீரைத் தரையில் சாய்த்தாள்.

"என்னடி பண்ற?" மலிட்டா எழுந்து வந்தாள். "அவங்க பசியோட வந்தா மண்வெட்டியைப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

"ஒண்ணு மட்டும்க்கா. பிள்ளைங்க நிக்குதுங்க. இது போச்சுன்னா நாளைக்கு என்னத்தைக் குடிக்கும்?"

"ஏழு வருஷம் உன்கூட நின்னு புகை குடிச்சாளே, அவளுக்காக ஒரு நாள் பொறுக்க முடியலையா?"

எலுபே அண்டாவைக் கவிழ்த்து மிச்ச நீரை வடித்தாள். துணியைச் சும்மாடாகச் சுற்றினாள்.

"தூக்கிட்டுப் போ. சாவு வீட்டு உலையைக் கொட்டினவளுக்குக் குழி வெட்ட எவன் வர்றான்னு பாக்குறேன்."

மறு காதைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. சூடு ஆறாத அண்டாவைத் தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

பள்ளியில் அடுப்பைப் பற்றவைத்து ஊதிக்கொண்டிருந்தபோது ஹெட்மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"யாருக்கும்மா காய்ச்சுற? பிள்ளைங்களை அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"அந்த ஐயா?"

"மேகம் கட்டுது, பாலம் மூழ்கிடும்னு பதினொண்ணரைக்கே கிளம்பிட்டாரு. கஞ்சி போடலைன்னு எழுதின படிவத்துல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அங்கே குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். ஃபலேசியின் தாய்மாமன் ஒரு ஆட்டைக் கொடுத்துக் கெஞ்சியபிறகு, மாலை மழையில் அடக்கம் நடந்தது. எலுபே வேலியோரம் நின்றாள். பெண்கள் நகர்ந்து இடம் விடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. எலுபே இரண்டு அண்டாவையும் சாம்பல் போட்டுத் தேய்த்து, கிடங்கில் வைத்துப் பூட்டினாள். ஹெட்மாஸ்டருக்கு அறக்கட்டளையிலிருந்து தொலைபேசி வந்தது. திங்கட்கிழமை லாரி வரும், மாவும் பாத்திரமும் வேறு பள்ளிக்குப் போகும் என்றார்கள். அவர் சாவியைக் கேட்டார், கொடுத்தாள். பம்படியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அவள் வந்ததும் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மதியம் அவள் பூசணி இலையை வேகவைத்து மகளுக்குக் கொடுத்தாள். மூன்று மணிக்கு மறுபடி மழை பெய்தது.