கால் காட்டாத நாயகன்

அரியலூர்ப் பக்கம் ஒரு தனியார் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்த அய்யம்பெருமாளுக்கு முப்பத்தெட்டாம் வயதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. பள்ளத்து ஓரத்தில் மண் சரிந்து வண்டி புரண்டதில் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பாடாலூர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவன் மனைவி மலர்கொடிக்கு அப்போது முப்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்கு நெடுஞ்சாலை ஓட்டலுக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரித்து, காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்கு வீடு திரும்புவாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வந்து புரட்டிவிட்டுப் போவாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் மலர்கொடியின் போனில் படம் பார்ப்பார்கள். அப்படித்தான் ஒரு நாள், கல்யாணமான புதிதில் பெரம்பலூர் தியேட்டரில் பார்த்த அந்தக் காதல் படம் யூடியூபில் கிடைத்தது. நாலே நாள் ஓடிய படம். சண்டை கிடையாது, டூயட் கிடையாது. பஸ் ஸ்டாண்டு அறையில் உட்கார்ந்து மைக்கில் பஸ் நேரம் சொல்கிற ஒருவனுக்கும், தினமும் அங்கே வந்து பஸ் ஏறாமல் திரும்பிப் போகும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் வளர்கிற பேச்சுதான் கதை. கடைசியில் அவள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அன்றைக்குத் தியேட்டரில் அய்யம்பெருமாள் பாதிப் படத்தில் தூங்கிவிட்டான்.

இப்போது தூங்கவில்லை. மறுநாளும் அதையே போடச் சொன்னான். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் கழித்து, "மலரு, இங்க வா" என்று கூப்பிட்டான். "இந்த ஆளு கால எங்கயாச்சும் பாத்தியா?"

"யாரு காலு?"

"ஹீரோ காலு. ரெண்டே கால் மணி நேரப் படம். ஒரு எடத்துலயும் இடுப்புக்குக் கீழ காட்டல. அறையில இருக்கான், அடுத்த காட்சியில மாடியில இருக்கான். படி ஏறுனத யாரும் பாக்கல."

"சின்னப் படம்ங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எடுத்திருப்பாங்க."

"தோள்ல எப்பவும் செவப்புத் துண்டு. மேல் பட்டன் அவுந்தா உள்ள நீல பனியன். கொழந்த காணாமப் போனத அம்மாக்காரி வந்து சொல்றதுக்கு முன்னாடியே மைக்குல சொல்லிட்டான். இங்கிலீஷ் படத்துல வர்ற பறக்குறவன்தான் இவன். டைரக்டரு யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கான்."

மலர்கொடிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விபத்துக்குப் பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அவன் சொன்னதெல்லாம் படத்தில் இருந்தது.

கண்டுபிடித்ததை எல்லாம் படத்துக்குக் கீழே கமெண்டாக எழுதினான். ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு நாள் எழுதினான். படித்தவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் மறுபடி பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்த தமிழழகன் என்பவர், உங்களிடம் பேச வேண்டும், நம்பர் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். அய்யம்பெருமாள் மலர்கொடியின் நம்பரைக் கொடுத்தான்.

பதில் வந்தபோது அவள் ஓட்டலில் வெங்காயக் குவியலுக்கு முன்னால் இருந்தாள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

"அண்ணே, நீங்க எழுதுனது ரொம்பப் பிடிச்சுது. ஆனா உண்மையச் சொல்லிடறேன். ஷூட்டிங் ஆரம்பிக்க ரெண்டு நாள் இருக்கும்போது ஹீரோ பைக்ல விழுந்து கால உடைச்சுக்கிட்டாரு. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வேற வழியில்லாம அப்படியே உக்கார வச்சு எடுத்தோம். மைக் ஒயர மறைக்கத்தான் அந்தத் துண்டு. வேற ஒண்ணும் இல்லண்ணே."

அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு அழித்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அய்யம்பெருமாள் கேட்டான். "ஏதாச்சும் வந்துச்சா?"

"பேசுனாருங்க. நீங்க சொன்னது அத்தனையும் சரியாம். இத்தன வருசத்துல நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்களாம். ஓட்டல் சத்தத்துல எதையோ அமுக்கி அழிஞ்சு போச்சு."

அவன் கண் கலங்கியது. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மாக்கண்ணு வந்தபோது அவளிடமும் சொன்னான். சொன்ன பொய்க்காக மலர்கொடி அன்று வருத்தப்படவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு மதியம் அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் தடவிக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"அவன் நெனச்சிருந்தா அந்த பஸ்ஸ ஒத்தக் கையால நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"அவ நல்லா இருக்கட்டும்னுதான். தடுக்க முடிஞ்சும் விட்டான் பாரு, அதான் பெரிய சக்தி." தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "நீயும் போயிரு மலரு. பூலாம்பாடியில ஒங்க அண்ணன் இருக்கான். வேற ஒருத்தனப் பாத்துக் கட்டி வப்பான். நானே பேசுறேன்."

"பேசாம இருங்க."

மறுநாளும் அதையே சொன்னான். அண்ணனுக்குப் போன் போடச் சொன்னான். நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். "அவன் அவள அனுப்பலியா? அந்த தமிழழகனே நான் சொன்னது சரின்னுட்டாரு. நீ கெளம்புறவரைக்கும் நான் சாப்புட மாட்டேன்."

இரண்டு நாள் பட்டினி கிடந்தான். மூன்றாம் நாள் அவள் பிசைந்து கொண்டுபோன சோற்றைக் கையால் தட்டிவிட்டான். பருக்கைகள் அவள் முகத்தில் தெறித்தன.

"அவன் ஒண்ணும் அனுப்பல" என்றாள் மலர்கொடி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவனுக்குக் கால் ஒடஞ்சு கெடந்துச்சு. தொடை வரைக்கும் கட்டு. எந்திரிக்க முடியாமத்தான் உக்காந்திருந்தான். அவர் பேசுனது அதுதான். நான்தான் ஒங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

அய்யம்பெருமாள் அவளையே பார்த்தான். "மாவுக்கட்டா?"

"ஆமா."

அவள் கீழே கிடந்த சோற்றைக் கூட்டி எடுத்தாள். சாயங்காலம் கஞ்சி கொடுத்தபோது வாயைத் திறந்தான். போய்விடு என்ற பேச்சும் நின்றது. தான் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பேச்சோடு மற்ற பேச்சும் நின்றிருந்தது. போனை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆடி மாதத்தில்தான் தெரிந்தது, காலை வேளையில் அம்மாக்கண்ணுவை அவன் புரட்ட விடுவதில்லை என்று. "இப்பத்தான் மலரு ஓட்டல்லேருந்து வந்து புரட்டிட்டுப் போச்சுன்னு தம்பி சொல்லுச்சு. நானும் நம்பிட்டேன்" என்று அம்மாக்கண்ணு அழுதாள். இடுப்புக்குக் கீழே வந்திருந்த புண்ணை அவனால் உணரவும் முடியாது; முதுகுக்குப் பவுடர் தடவிய மலர்கொடியும் கீழே துணியை விலக்கிப் பார்க்கவில்லை. மலர்கொடி பார்த்தபோது அது எலும்பு வரை போயிருந்தது. காய்ச்சல் ஏறி, திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆறாம் நாள் இறந்துபோனான்.

பூலாம்பாடியிலிருந்து வந்த அண்ணன், காரியம் முடிந்ததும் கையோடு கூட்டிப்போகப் பார்த்தார். அவள் போகவில்லை. அவன் அன்றைக்குச் சொன்ன இடத்துக்கு அவன் செத்த பிறகு போவது அவளால் முடியாது என்பதை அண்ணனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஓட்டல் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகையில் சிறுவாச்சூரிலிருந்து சசிகலா என்ற பெண் தேடி வந்தாள். தென்னை மரத்திலிருந்து விழுந்த அவள் புருசனுக்கும் முதுகெலும்பு போயிருந்தது. அய்யம்பெருமாளுக்குப் புண் வராமலிருக்கப் போட்டிருந்த தண்ணீர் மெத்தை இருக்கிறதாமே என்று கேட்டாள். மலர்கொடி அதைக் கழுவிக் காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு அவளோடே பஸ் ஏறினாள். அங்கே கட்டிலில் விரித்துத் தண்ணீர் நிரப்பினாள். சசிகலா புருசனின் தோளுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்து, எப்படிப் புரட்டுவது என்று காட்டினாள்.

"புரட்டியாச்சுன்னு அவரு சொன்னாலும் நம்பாதீங்க. துணிய வெலக்கி நீங்களே பாருங்க" என்றாள். சசிகலா தலையாட்டினாள். மலர்கொடி அவளை ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்தாள். பிடி தப்பாக இருந்தது. மறுபடி செய்யச் சொன்னாள்.