நற்கருணைப் பாட்டாகிப்போன காதல்

கண்டி மாநகர சபையில் எனக்குக் கிளார்க் வேலை. ஞாயிறு காலையில் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசிப்பேன். ஊரே கேட்க வாசிக்கிறவனுக்கு ஒருத்தி முன்னால் மட்டும் வாய் திறக்க வராது. குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களோடு பாடுகிறவள்; பன்வில பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

போன திருவிழாவுக்கு ஃபாதர் நாடகம் எழுதினார். இருநூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பா. ஏழை இசைமேதைக்குப் பிரபுவின் மகள் மேல் காதல். வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு நான் மேதை, தலையில் பஞ்சு ஒட்டிய வெள்ளை முடி. பிரபுவின் மகள் அவள். கடைசியில் அவள் மறுத்துவிட, மேதை தன் இசையை ஆண்டவருக்கே கொடுத்துவிடுவான். எழுதியவர் ஃபாதர் அல்லவா, காதல் எங்கே ஜெயிக்கும்!

நாடகத்துக்கென்று சொல்லி நான் போட்ட மெட்டு, உண்மையில் அவளுக்காகப் போட்டது. கொழும்பில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். திருவிழாவுக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும். மேடையில் வரும் "இது உனக்காகச் செய்தது" என்ற வசனத்தை நிஜமாகவே சொல்லிவிடுவதென்று இருந்தேன். கோழைக்கு வேறு வழி ஏது?

ஒத்திகையில் மெட்டைக் கேட்ட ஃபாதர், "பக்தி சொட்டுதேப்பா!" என்று வார்த்தை எழுதி, அதைப் பூசையில் எழுந்துபோய் அப்பம் வாங்கும்போது பாடுகிற நற்கருணைப் பாட்டாக்கிவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் வாயை மூடிக்கொண்டேன். நாலு ஞாயிறு, என் காதலைப் பாடிக்கொண்டே சனம் வரிசையில் போய் நற்கருணை வாங்கியது.

திருவிழா மாலை, மேடையில் மெட்டைத் தொடங்கினேன். இரண்டாவது வரிக்குள் மண்டபமெல்லாம் கதிரைகள் கிறீச்சிட்டன. பழக்க தோஷம், சனம் எழுந்து நின்று பாடியது. பெண்கள் முக்காடு போட்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைகூப்பியபடி மேடையை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அது ஆண்டவருக்குப் போட்ட மெட்டே இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

ஒருவழியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வசனம் அடியோடு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "இது உங்களுக்காகப் போட்டது டீச்சர். சத்தியமா."

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து ஃபாதர், "முடியாதுன்னு சொல்லும்மா, முடியாதுன்னு!" என்று எடுத்துக் கொடுத்தார்.

"கேக்குது ஃபாதர்," என்றாள் பிரபுவின் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "காலையிலேயே வீட்டுக்கு வாங்க. கொழும்புக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட நீங்களே பேசணும்."