ஒரு ஸ்டிக்கரும் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களும்

போன கிழமை என் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. பம்பலப்பிட்டிக் கடையொன்றில் பாகம் பாகமாக வாங்கிப் புதிதாக ஒன்றைப் பூட்டுவித்து வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய பெட்டியின் முதுகில் லைசன்ஸ் இலக்கம் அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய இயங்குதளம்தானே என்று, கண்ணாடியை ஏற்றி இறக்கி அந்த இருபத்தைந்து எழுத்தையும் புதியதில் அடித்தேன். செல்லாது என்றது திரை. உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை தேனாகக் கதைத்தாள்.

"சேர், அது அந்த மெஷினோட வந்த லைசன்ஸ். மெஷின் போனா அதுவும் போயிடும். புதுசா ஒண்டு வாங்கோணும்."

உடன்கட்டை ஏறுகிற லைசன்ஸை அன்றுதான் கண்டேன்.

புது மதர்போர்டின் மணம் அறையில் நின்றது. அந்த மணத்தோடு எனக்கு எப்போதும் காலுறை நாற்றமும் சேர்ந்தே வரும். காரணம், பல வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் நான் படிப்பித்த கம்ப்யூட்டர் வகுப்பு. தூசு பட்டால் மெஷின் கெட்டுவிடுமென்று எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். குளிரூட்டிய அறைக்குள் முப்பது பேரின் காலுறை. கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வகுப்பின் முதலாளி அதற்கு முன் வீடியோ கசெட் வாடகைக்கு விட்டவர். பெயர்ப்பலகையில் 'இன்டர்நெஷனல்' என்று எழுதிய நாளிலிருந்து அவரை 'டிரெக்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். பட்டனை அழுத்திக் கம்ப்யூட்டரை ஓன் பண்ண மட்டும் அவருக்குத் தெரியும். இருந்த பன்னிரண்டில் ஒன்றுதான் ஸ்டிக்கரோடு வந்தது. மற்றப் பதினொன்றும் தெருவோரக் கடையில் பூட்டியவை. அந்த ஒரே இலக்கத்தை டிரெக்டர் பக்கத்தில் நின்று வாசிக்க, நானும் என்னோடு படிப்பித்த ரெஜினாவும் பதினொன்றிலும் அடித்தோம். பிறகு ஒவ்வொரு புது வகுப்புக்கும் அவரே வந்து பிரசங்கம் வைப்பார்.

"களவா கொப்பி பண்ணுறது பாவம் பிள்ளையள்."

ரெஜினா உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள்.

ஒருநாள் பின்னேரம் லைசன்ஸ் பரிசோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். டிரெக்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தனக்கு இதெல்லாம் தெரியாது, எல்லாம் இந்த சேர் செய்த வேலை என்று சிங்களத்தில் சொல்லி என்னைக் காட்டினார். மீன்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசுகிற என் வாய்க்கு அன்று எந்த மொழியும் வரவில்லை.

வகுப்பின் நடுவிலிருந்து ரெஜினா எழுந்தாள்.

"டிரெக்டர், நீங்கதானே பக்கத்தில நிண்டு நம்பர் வாசிச்சீங்க? சேரும் அடிச்சவர், நானும் அடிச்சனான். ஏன் பொய் சொல்றீங்க?"

அதையே வந்தவர்களுக்குச் சிங்களத்திலும் சொன்னாள். அவர்கள் ஏதோ எழுதி, சரிப்படுத்தத் தவணை கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் டிரெக்டர், "வாய் கூடின ஆக்கள் எனக்கு வேண்டாம்" என்று ரெஜினாவை நிறுத்தினார்.

படியில் இறங்கும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாமே, சேர்?"

"வேலை போயிடுமெண்டு பயந்திட்டன்."

"எனக்கும் பயமாத்தான் இருந்தது."

அதற்குப் பிறகும் ஒரு வருடம் நான் அங்கேயே இருந்தேன். களவு பாவம் என்று அவர் சொன்னபோதெல்லாம் தலையும் ஆட்டினேன். டிரெக்டரைப் பழித்து எழுதத் தொடங்கியவன், இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மாடியில் பொரித்த கோழி விற்கிறார்கள். டிரெக்டர் வெளிநாட்டில் ஏதோ சங்கத்துக்குத் தலைவராம். ரெஜினாவின் வீடிருந்த ஒழுங்கையில் ஒன்பது மாடிக் கட்டடம் எழும்பி நிற்கிறது. நேற்று அங்கே போய் மூலைக் கடையில் விசாரித்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் பலர் இத்தாலிக்குப் போய்விட்டார்கள் என்றார் கடைக்காரர்.

"எந்த ரெஜினா? முழுப் பேரைச் சொல்லுங்க, தெரிஞ்சாக்கள்ட்ட கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை செய்திருக்கிறோம். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.